பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாமா ‘பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்’?

எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றே, “ஏதாவது உளவாளிப் படம் போடுங்கள் அம்மா” என்று கேட்டான் என் மகன். அவன் நினைத்திருந்தது கார்கள் துரத்துகிற, மாடிக்கு மாடி தாவுகிற படம். நான் போட்டது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2015-இல் வெளியான ‘பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்’. இரண்டு மணி இருபது நிமிடம் ஓடுகிற படம். கதாநாயகன் காப்பீட்டு வழக்குகள் நடத்துகிற ஒரு வக்கீல். கடைசி வரை அவர் கையில் துப்பாக்கி ஏறுவதில்லை. சோபாவில் பதின்மூன்று வயது மகனும், பிளஸ் ஒன் படிக்கிற பதினாறு வயது மகளும், அவர்களுடைய அப்புச்சியும் (என் அப்பா) இருந்தார்கள். மூன்று பேரும் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

பதின்மூன்று வயது நிறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைத் தாராளமாகக் காட்டலாம் என்பது என் கருத்து. ஆனால் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ரத்தத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் நடுவில் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு அப்போதே பதில் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

படம் 1957-இல், நியூயார்க்கில் தொடங்குகிறது. வயதான ஒருவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைந்துகொண்டிருக்கிறார். பேச்சே இல்லை. பிறகு கூட்டம் நிறைந்த சுரங்க ரயிலில் போகிறார், பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் வரைகிறார். இந்த இடத்தில் என் மகனின் கை மொபைலை நோக்கிப் போனது. அடுத்த நிமிடம் அந்த முதியவர் பெஞ்சுக்கு அடியில் தடவி ஒரு நாணயத்தை எடுத்தார். வீட்டுக்கு வந்து பிளேடால் அதைப் பிளந்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு துண்டுச் சீட்டு. மகன் மொபைலைக் கீழே வைத்துவிட்டான்.

இந்த நாணயம் கற்பனை இல்லை என்று அவனிடம் சொன்னேன். 1953-இல் புரூக்ளினில் செய்தித்தாள் போடுகிற ஒரு பையன் கைக்கு வந்த ஐந்து சென்ட் நாணயம் கீழே விழுந்து இரண்டாகப் பிரிய, உள்ளிருந்து சங்கேத எண்கள் கொண்ட நுண்படம் ஒன்று கிடைத்தது. அதைப் படிக்க அமெரிக்கர்களால் நான்கு ஆண்டுகள் முடியவில்லை. ரெய்னோ ஹைஹானன் என்ற சோவியத் உளவாளி 1957-இல் அமெரிக்கர்கள் பக்கம் மாறி வந்த பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது. அதே ஹைஹானன் கொடுத்த தகவலால்தான் ஜூன் 21 அன்று, படத்தில் ஓவியம் வரைகிற அந்த முதியவரான சோவியத் உளவாளி ஏபெலும் பிடிபட்டார். “செய்தித்தாள் போடுகிற பையனா? என் வயதுதான் இருக்கும்” என்றான் மகன். அதன் பிறகு படம் அவனுடையதாகிவிட்டது.

ருடால்ஃப் ஏபெல் என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அவர் வில்லியம் ஃபிஷர், 1903-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். மார்க் ரைலன்ஸ் இந்தப் பாத்திரத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பெற்றார். குரலை உயர்த்தாமல், தோளைக் கூட அதிகம் அசைக்காமல் நடித்திருக்கிறார். மரண தண்டனை காத்திருக்கும்போதும் பதற்றமே இல்லை. கவலை வரவில்லையா என்று வக்கீல் கேட்கும்போதெல்லாம், கவலைப்பட்டால் ஏதாவது ஆகுமா என்று திருப்பிக் கேட்கிறார். படத்தில் இது மூன்று முறை வருகிறது. மூன்றாவது முறை வரும்போது பிள்ளைகள் இருவரும் அவருக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு வாதாட வந்தவர் ஜேம்ஸ் டோனோவன். டாம் ஹாங்க்ஸ் நடித்திருக்கிறார். புரூக்ளின் வக்கீல்கள் சங்கம் கேட்டுக்கொண்டதால் வழக்கை எடுக்கிறார். நான் கோவை நீதிமன்றத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வக்கீல் தொழில் செய்கிறவள். அதனால் இந்தப் பகுதியை மற்றவர்கள் பார்ப்பதுபோல் என்னால் பார்க்க முடியாது. ரயிலில் எதிரில் உட்கார்ந்தவர்கள் செய்தித்தாளில் வந்த அவர் படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வெறுப்போடு முறைக்கிறார்கள். நீதிபதியே, சடங்கை முடித்துவிட்டு ஆளைத் தண்டிப்போம் என்கிற மனநிலையில் இருக்கிறார். உளவுத்துறை அதிகாரி ஒருவர் வந்து, உன் கட்சிக்காரன் உன்னிடம் என்ன சொன்னான் என்று கேட்கிறார். டோனோவன் மறுக்கிறார். ஜெர்மன் வம்சாவளியில் வந்த அந்த அதிகாரியையும் ஐரிஷ் வம்சாவளியில் வந்த தன்னையும் அமெரிக்கர்களாக ஆக்குவது அரசியலமைப்பு என்ற ஒரே சட்டப் புத்தகம்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதை இவ்வளவு சுருக்கமாக, ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கும் புரிகிற மாதிரி வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இங்கேதான் மகன் படத்தை நிறுத்தினான். “அவர் உண்மையிலேயே உளவாளிதானே அம்மா? நமக்கே தெரிகிறது. அப்புறம் எதற்கு அவருக்கு வக்கீல்?”

இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நான் சொல்வதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். குற்றம் செய்யாதவனுக்காக வாதாடுகிற கதைகள் நிறைய உண்டு. அங்கே பிள்ளைகளின் மனம் சுலபமாக வக்கீல் பக்கம் சாய்ந்துவிடும். இங்கே முதல் பத்து நிமிடத்திலேயே அந்த மனிதர் உளவாளி என்று காட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கும் ஏன் ஒருவர் நின்று பேச வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு, கைதான எவருக்கும் தான் விரும்பும் வக்கீலைக் கொண்டு வாதாடும் உரிமையைத் தருகிறது என்று சொன்னேன். எங்கள் ஊரிலிருந்தே போன ஒரு வழக்கையும் சொன்னேன். கோவையில் போலீசாருக்கும் வக்கீல்களுக்கும் மோதல் நடந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று இங்குள்ள வக்கீல்கள் தீர்மானம் போட்டார்கள். 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரித் தீர்மானங்கள் செல்லாது, அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. ஆக, கேள்வி புரூக்ளினுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

அப்போது மகள் வாய் திறந்தாள். அவள் நான்காம் வகுப்பு படித்தபோது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக நான் ஆஜரானேன். வக்கீல் வைக்க வசதி இல்லாத இளைஞன் அவன். பள்ளி வேனில் ஒரு சிறுமி, “உன் அம்மா திருடனுக்கு வக்கீலாமே” என்று கேட்டாளாம். வேனில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்களாம். ஏழு வருடமாக அதை என்னிடம் சொல்லவில்லை. டோனோவனின் வீட்டுச் சன்னல்களைத் துப்பாக்கிக் குண்டுகள் உடைக்கிற காட்சியில், உள்ளே சோபாவில் இருக்கும் அவருடைய மகளைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். நாங்கள் அங்கேயே அரை மணி நேரம் பேசினோம். படம் காத்திருந்தது.

அந்தத் துப்பாக்கிச் சூடு வரலாற்றில் நடந்ததல்ல. திரைக்கதைக்காகச் சேர்த்தது. ஆனால் டோனோவன் குடும்பத்துக்கு மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி வசைகளும் வந்தது உண்மை. வழக்குக்குக் கிடைத்த பத்தாயிரம் டாலர் கட்டணத்தை அவர் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பதும் உண்மை.

இனி, பெற்றோர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய காட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இதற்கு, 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டும் என்கிற தரச்சான்று கொடுத்திருக்கிறார்கள். காரணம் சற்றே வன்முறையும், ஓரிரு இடத்தில் வரும் கெட்ட வார்த்தையும். பாலியல் காட்சி எதுவும் இல்லை. ஏபெலைக் கைது செய்யும்போது அவர் உள்ளாடையில் இருக்கிறார், அவ்வளவுதான். சிகரெட்டும் மதுவும் அந்தக் காலத்து வழக்கப்படி தாராளமாக வருகின்றன. சோவியத் நாட்டை உளவு பார்க்கப் பறந்து பிடிபட்ட அமெரிக்க விமானி பவர்ஸைத் தூங்கவிடாமல் விசாரிக்கும் காட்சிகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கலக்கம் தரும். அவருடைய விமானம் வெடித்துச் சிதறுகிற காட்சியில் என் மகன் சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டான். அதில் அவன் ரசித்ததுதான் அதிகம்.

எங்கள் வீட்டில் அமைதி விழுந்தது வேறொரு காட்சியில். ஏபெலைக் கொடுத்து பவர்ஸை மீட்கப் பேரம் பேசப் போன டோனோவன் பெர்லினில் ரயிலில் போகிறார். சன்னலுக்கு வெளியே, நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவரின் மீது ஏறித் தப்பிக்கப் பார்க்கும் சிலரைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். ரத்தத்தை அருகில் காட்டவில்லை. ரயில் நிற்கவும் இல்லை. உள்ளே இருப்பவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. 1961 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கிய அந்தச் சுவரில், அது இடிபட்ட 1989 வரை குறைந்தது 140 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். காட்சி கற்பனையாக இருந்தாலும் சாவுகள் உண்மை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்ட நான் தயாரில்லை.

இன்னொரு காட்சியை எச்சரிக்கைக்காக அல்ல, அருமைக்காகச் சொல்ல வேண்டும். டோனோவனின் சின்ன மகன் பள்ளியில் ஒரு படம் பார்க்கிறான். அணுகுண்டு விழுந்தால் ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதுபோல் மேசைக்கடியில் பதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற படம். அது அன்றைய அமெரிக்கப் பள்ளிகளில் உண்மையாகவே காட்டப்பட்டது. குழந்தைகள் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையன் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கிறான், குண்டு விழுந்தால் குழாயில் தண்ணீர் வராது என்று. எதிரி நாட்டு ஆளுக்கு நீங்கள் ஏன் உதவுகிறீர்கள் என்று அப்பாவைக் கேட்கவும் செய்கிறான். பயத்தைப் பெரியவர்கள் எப்படிப் பிள்ளைகளுக்குள் இறக்குகிறார்கள் என்பதை இந்த இரண்டு நிமிடம் காட்டிவிடுகிறது. எங்கள் அப்பா இந்த இடத்தில்தான் முதல் தடவையாகப் பேசினார். “பாவம் சாமி, அந்தக் குழந்தை” என்றார்.

படத்தின் வரலாற்றுக் குறைகளையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. படம் எல்லாமே அடுத்தடுத்த மாதங்களில் நடந்ததுபோல் ஓடுகிறது. மகள் ஒரு தாளில் தேதிகளை எழுதச் சொன்னாள், எழுதினேன். கைது 1957 ஜூன். முப்பது ஆண்டுச் சிறைத் தண்டனை அதே ஆண்டு நவம்பரில். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏபெலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது 1960 மார்ச்சில். பவர்ஸ் ஓட்டிய யு-2 உளவு விமானம் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது அதற்குப் பிறகு, 1960 மே 1 அன்று. கைதிகள் கைமாறியது 1962 பிப்ரவரி 10. ஆக, கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் ஏபெல் காவலில் இருந்திருக்கிறார். படத்தில் அந்தக் காத்திருப்பின் எடை தெரியவே இல்லை.

உச்ச நீதிமன்றப் பகுதியை ஓரிரு நிமிடத்தில் தாண்டிப் போனது எனக்குப் பெரிய ஏமாற்றம். குற்றவியல் பிடியாணை இல்லாமல், குடியேற்றத் துறையின் உத்தரவை வைத்துக்கொண்டு அறைக்குள் புகுந்து எடுத்த பொருள்களைச் சாட்சியமாக்கலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், இப்படி ஒரு வழக்கை ஏற்று நடத்தியதற்காக டோனோவனை மன்றத்திலேயே பாராட்டினார். இதையெல்லாம் விட்டுவிட்டு, பெர்லினில் சில இளைஞர்கள் டோனோவனின் மேல்கோட்டைப் பறிக்கும் கற்பனைக் காட்சிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

டோனோவனை ஒன்றும் தெரியாத காப்பீட்டு வக்கீலாகக் காட்டுவதும் முழு உண்மை அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் முன்னோடியான ஓ.எஸ்.எஸ். அமைப்புக்கே தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தவர் அவர். போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையிலும் பணியாற்றியவர். கிழக்கு பெர்லினில் பிடிபட்ட அமெரிக்க மாணவர் பிரையர், படத்தில் காட்டுவதுபோல் சுவருக்கு அப்பாலிருந்து காதலியை மீட்கப் போய்ப் பிடிபடவில்லை. காரில் கிழக்குப் பகுதிக்குப் போன இடத்தில் கைதானார். பொருளாதார ஆய்வேட்டைக் கையில் வைத்திருந்ததால் அவரை உளவாளி என்று சந்தேகித்தார்கள்.

இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது நிறத்தை. ஒளிப்பதிவாளர் யானுஸ் காமின்ஸ்கி நியூயார்க்கை இளஞ்சூட்டு மண் நிறத்திலும், கிழக்கு பெர்லினை உறைந்த நீலச் சாம்பலிலும் எடுத்திருக்கிறார். அழகுதான். ஆனால் அமெரிக்கச் சிறையில் ஏபெல் படம் வரைகிறார், சோவியத் அறையில் பவர்ஸ் கண்ணில் விளக்கு அடிக்கிறார்கள். யார் நல்லவர் என்பதைப் பிள்ளைகளின் கண் தானாகவே முடிவு செய்துவிடும். அதற்கு மருந்து படத்துக்குள்ளேயே இருக்கிறது. பவர்ஸ் புறப்படும் முன்பு அவரிடமும் ஒரு நாணயத்தைக் கொடுக்கிறார்கள். வெள்ளி டாலர். அதற்குள் நஞ்சு தோய்ந்த ஊசி, பிடிபட்டால் செத்துப்போவதற்கு. “அந்தத் தாத்தாவிடமும் இதே மாதிரி நாணயம் இருந்ததே!” என்று மகன் கத்தினான். இரண்டு பக்கமும் நாணயத்தைக் குடைந்துதான் வைத்திருந்தார்கள் என்பதை அவனே கண்டுபிடித்தான். யு-2 விழுந்ததும் அது வழி தவறிய வானிலை ஆய்வு விமானம் என்று அமெரிக்கா பொய் சொன்னதையும், விமானி உயிரோடு இருக்கிறார் என்று சோவியத் தலைவர் குருஷேவ் அறிவித்ததும் அந்தப் பொய் உடைந்ததையும் நான் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. பெர்லின் பகுதியில் ஜெர்மன், ரஷ்ய மொழி உரையாடல்கள் பலவற்றுக்கு எழுத்து ஓடாது. உங்கள் தொலைக்காட்சியில் கோளாறு இல்லை. மொழி தெரியாமல் திகைக்கும் டோனோவனோடு நாமும் திகைக்க வேண்டும் என்றே அப்படி விட்டிருக்கிறார்கள். ஆங்கில வசனமும் வேகம். என் அப்பாவுக்கு மகன்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். சொல்ல முடியாத இடங்களில் அவனுக்கே புரியவில்லை என்று தெரிந்துகொண்டேன், நிறுத்தி விளக்கினேன். படத்தை இரண்டு இரவாகப் பிரித்துப் பார்ப்பதும் நல்லது. டோனோவன் பெர்லினுக்குப் புறப்படும் இடம் அதற்குப் பொருத்தம்.

பெர்லின் பேரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்க அரசுக்கு வேண்டியது பவர்ஸ் மட்டும். மாணவன் பிரையரை விட்டுவிடு என்கிறார்கள். டோனோவன் ஒருவரைக் கொடுத்து இரண்டு பேரைக் கேட்கிறார். விடுவதாக இல்லை. சோவியத் தரப்பும் கிழக்கு ஜெர்மனியும் தனித்தனியே கௌரவம் பார்ப்பதை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை என் மகள் கூர்ந்து கவனித்தாள். ஏபெலின் உயிரை முதலில் காப்பாற்றியதும் இரக்கம் அல்ல. நாளைக்கு நம் ஆள் ஒருவன் அவர்களிடம் சிக்கினால் மாற்றிக்கொள்ள இவர் வேண்டும் என்று நீதிபதியிடம் டோனோவன் முன்வைத்த வாதம். உண்மை வழக்கிலும் அவர் அதைத்தான் சொன்னார். மூன்றே ஆண்டுகளில் அது பலித்தது.

கைதிகளை மாற்றிக்கொள்ளும் கிளீனிக்கே பாலக் காட்சியை விவரிக்க மாட்டேன். ஒன்றே ஒன்று. தன் நாட்டுக்காரர்கள் தன்னை எப்படி வரவேற்பார்கள் என்று ஏபெலுக்குத் தெரியாது. கட்டித் தழுவினால் ஒரு பொருள், காரின் பின்னிருக்கையைக் காட்டினால் வேறொரு பொருள் என்று சொல்லிவிட்டு நடக்கிறார். பின்னிருக்கையைத்தான் காட்டுகிறார்கள். என் மகள் அழுதுவிட்டாள். உண்மையில் அவரை யாரும் தண்டிக்கவில்லை, 1971-இல் மாஸ்கோவில்தான் இறந்தார், 1990-இல் சோவியத் அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது என்று சொன்ன பிறகுதான் அவள் சமாதானமானாள். இதை உங்கள் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடாதீர்கள்.

அதே இயக்குநரின் ‘மியூனிக்’ படமும் உளவு வரலாறுதானே என்று அடுத்து அதைப் போட்டுவிட வேண்டாம். அது முழுக்கப் பெரியவர்களுக்கான படம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் பொள்ளாச்சியிலிருந்து வருகிறார்கள். மூத்தவனுக்குப் பதினேழு, இளையவளுக்குப் பதினான்கு, கடைக்குட்டிக்கு ஒன்பது. இதே படத்தைப் போடப் போகிறோம். மகன் நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கடைக்குட்டியை அன்று மாலை அப்புச்சி பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.